விரிசலும் சிமெண்டும்: செட்டிநாட்டுப் பயணக் குறிப்புகள்

வியாழன், இரவு. காரைக்குடி

பல்லவன் எக்ஸ்பிரஸ் வந்து சேர மணி பத்தைத் தாண்டிவிட்டது. சித்தி வீட்டில் இடியாப்பமும் தக்காளிக் குழம்பும் தயாராக இருந்தன. கூடவே ஒரு சண்டையும்.

சித்தி மகன், என் அண்ணன், திருமயம் பக்கம் கொஞ்சம் நிலம் வாங்கிப் போட்டிருக்கிறார். அங்கே போர் வற்றிக்கொண்டு வருகிறது. காலையில் மோட்டார் போட்டால் கால் மணி நேரம் தண்ணீர், அப்புறம் காற்று. புதிதாக இன்னொன்று போட்டால் தண்ணீர் வருமோ வராதோ, காசு போவது மட்டும் நிச்சயம். அதனால் பழைய போரிலேயே ‘ஹைட்ரோ’ அடிக்கப் போகிறார். அதாவது ஹைட்ரோ ஃப்ராக்சரிங், சுருக்கமாக ஃப்ராக்கிங். பாறைக்குள் அழுத்தத்தோடு தண்ணீரைச் செலுத்தி இடுக்குகளைத் திறந்துவிடுவது.

இது குடும்ப வாட்ஸாப்பில் போனதும் தேவகோட்டை மாமா ஒரு குரல் செய்தி அனுப்பியிருக்கிறார். சித்தி எனக்கு அதைப் போட்டுக் காட்டினார். புதுக்கோட்டை மாவட்டத்து நெடுவாசலில் 2017-இல் நடந்த ஹைட்ரோகார்பன் எதிர்ப்புப் போராட்டத்தைத்தான் அதில் இழுத்திருக்கிறார். “நெடுவாசல்ல வெயில்ல போய் உக்காந்தது எதுக்கு? பூமிக்குள்ள தண்ணிய அடிச்சுப் பாறையை ஒடைக்கக் கூடாதுன்னுதானே? இப்ப நம்ம வீட்டுப் பிள்ளையே காசு குடுத்து ஒடைக்குது.”

“அது வேற, இது வேற” என்கிறார் அண்ணன். எப்படி வேறு என்று கேட்டால், “அது கெமிக்கல், இது வெறும் தண்ணி.” பாதிதான் சரி. ஆனால் மாமா சொல்வதும் முழுத் தப்பு என்று தள்ளிவிட முடியாது. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றேதான். சனிக்கிழமை வண்டி வருகிறது. கூடப் போய்ப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை மாமா வீட்டில் சாப்பாடு என்பதும் முடிவாகிவிட்டது. என்னை எதற்குக் கூப்பிட்டார்கள் என்று இப்போதுதான் புரிகிறது.

படுக்கும் முன் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன். காரைக்குடித் தண்ணீர் என்றால் சம்பை ஊற்றுத் தண்ணீர்தான். சென்னையில் கேன் தண்ணீர் குடித்தே மரத்துப்போன நாக்குக்கு இது தனியாகத் தெரிகிறது.

வெள்ளி. கானாடுகாத்தான்

கானாடுகாத்தானைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். பர்மா தேக்குத் தூண், பெல்ஜியம் கண்ணாடி, முட்டை வெள்ளை கலந்து பூசிய சுவர் எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் இந்த முறை மேலே பார்க்கவில்லை, ஓடு சரியும் திசையையும் வாய்க்கால் போகும் திசையையும் பார்த்தேன்.

கூரையில் விழும் மழை முற்றத்துக்கு வருகிறது. முற்றத்தில் அண்டாக்களை வைத்துப் பிடித்தது போக மிச்சம் தெருவோர வாய்க்காலுக்குப் போகிறது. வாய்க்கால் ஊருணிக்கு. வீடு கட்டும்போதே ஊரின் சரிவு பார்த்துத்தான் தெருவைப் போட்டிருக்கிறார்கள். 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்களைச் சேர்த்தபோது, மாளிகைகளோடு இந்த நீர் ஏற்பாட்டையும் சேர்த்துத்தான் சொன்னார்கள். செம்புறாங்கல் அடுக்கிய படிக்கட்டில் உட்கார்ந்திருந்த ஒரு ஆச்சி, “குடிக்கிற ஊருணியில கால் நனைக்க விட மாட்டாக. குளிக்கிறது வேற ஊருணி, மாடு குளிப்பாட்டுறது வேற” என்றார். இப்போது குழாய் வந்துவிட்டதால் காவல் குறைந்துவிட்டது என்ற வருத்தமும் அவருக்கு இருக்கிறது.

ஊருணியில் ஒரு வசதி உண்டு. கெட்டுப் போனால் கண்ணுக்குத் தெரியும். தூர் வாரலாம், ஒரு கோடையில் காயவிடலாம், அடுத்த ஐப்பசியில் புதுத் தண்ணீர் நிரம்பும். நிலத்தடி நீருக்கு இந்த வசதி எதுவும் கிடையாது. அது ஒரு வருஷத்தில் நகரும் தூரம் பல இடங்களில் சில மீட்டர்தான். அதற்குள் உப்போ பென்சீனோ இறங்கிவிட்டால் வார முடியாது, காயவைக்கவும் முடியாது.

மதியச் சாப்பாடு ஒரு சிறிய மெஸ்ஸில். வத்தல் மண்டி இருந்தது, அதில் கொத்தவரங்காய் வத்தல். அதைப் பற்றி நாளை எழுதுகிறேன், காரணம் இருக்கிறது.

சனி. திருமயம் பக்கம்

காலை ஏழு மணிக்கே வண்டி வந்துவிட்டது. தமிழ்நாட்டில் போர் வண்டி என்றால் திருச்செங்கோடுதான், இதுவும் அங்கிருந்துதான். ஒரு லாரியில் டீசல் இன்ஜினும் உயர் அழுத்தப் பம்பும் குழாய்களும், பின்னாலேயே ஒரு தண்ணீர் டேங்கர். தூரத்தில் திருமயம் கோட்டை ஏறி நிற்கும் பாறை தெரிகிறது. இங்கே மண் இரண்டு ஆள் ஆழம்தான். அதற்குக் கீழே சுக்கான், அதற்கும் கீழே கோட்டைக்கு அடியில் இருக்கும் அதே கருங்கல் பாறை. இந்தக் கல்லுக்குள் தண்ணீர் நிற்க இடம் கிடையாது. இடுக்குகளில்தான் நிற்கும். இடுக்கு கிடைத்த போர் பிழைத்தது, ஒரு அடி தள்ளிப் போட்டது புகைந்து போகும்.

அண்ணனின் போர் 420 அடி. மேலே மண் சரியாமலிருக்க 40 அடிக்குக் கேசிங் பைப். மோட்டாரை முந்தின நாளே தூக்கி வைத்திருந்தார்கள். ஆப்பரேட்டர் முதலில் இரும்புக் குழாயின் நுனியில் ‘பேக்கரை’ மாட்டினார். ஒரு முழ நீளத்தில் தடித்த ரப்பர் உருளை, நடுவில் ஓட்டை. கறுப்பு ரப்பரில் பழைய வேலைகளின் கீறல்கள் குறுக்கும் நெடுக்குமாக இருந்தன. அதை 130 அடியில் இறக்கி விரியச் செய்தார்கள். விரிந்ததும் ரப்பர் பாறைச் சுவரைக் கவ்விக்கொண்டது. இப்போது அதற்குக் கீழே இருக்கும் துளை மூடிய பாத்திரம் மாதிரி. குழாய் வழியாக அதற்குள் தண்ணீரை அழுத்த வேண்டியதுதான்.

“கேசிங்குக்குப் பக்கத்துல வெக்கக் கூடாதுங்களா?” என்று கேட்டேன். அவர் பேச்சு எனக்கும் தொற்றிக்கொண்டது.

“வெச்சா மேல பீச்சிக்குமுங்க. கேசிங் அடியில பாறை பொறுப்பொறுன்னு இருக்கும். நல்ல கெட்டிப் பாறை பாத்துத்தான் கவ்வ விடோணும். இல்லீன்னா மேல இருக்கற அழுக்குத் தண்ணி பூராம் உள்ள எறங்கீரும்.”

இந்தப் பதிலைத் தனியாகக் குறித்துக்கொண்டேன். நாளைக்கும் மறுநாளைக்கும் இதே விஷயம்தான் வேறு அளவில் வரப்போகிறது.

பம்பு ஓட ஆரம்பித்தது. எல்லோரும் அழுத்தமானியைச் சுற்றி நின்றோம். முள் ஐம்பது, எழுபது, தொண்ணூறு என்று ஏறியது. இவர்கள் கணக்கு ‘கிலோ’, சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ. நூற்றுப் பத்தில் போய் முள் நடுங்கியபடி நின்றது. இன்ஜின் சத்தம் கனத்தது. அண்ணன் மகன் காதைப் பொத்திக்கொண்டான், வெடிக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒன்றும் வெடிக்கவில்லை. முள் மட்டும் பொசுக்கென்று அறுபத்தைந்துக்கு இறங்கியது. தண்ணீர் உள்ளே போய்க்கொண்டே இருந்தது, அழுத்தம் ஏறவில்லை.

“வாய் தொறந்துருச்சுங்க” என்றார் ஆப்பரேட்டர், பீடியைப் பற்றவைத்துக்கொண்டே.

அவ்வளவுதான் ஃப்ராக்கிங். பாறையில் ஏற்கெனவே இருக்கும் மெல்லிய கீறலைத் தண்ணீர் அகட்டும், அடைத்திருந்த மண்ணைத் தள்ளும், பக்கத்து இடுக்கோடு சேர்த்துவிடும். பேக்கரை 250 அடிக்கு இறக்கி இன்னொரு முறை அடித்தார்கள். மொத்தம் இரண்டு டேங்கர், 12,000 லிட்டர். மணல் போடவில்லை, மருந்து எதுவும் கலக்கவில்லை. 

இதற்குள் வரப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து பக்கத்து நிலத்துக்காரர் வேகமாக வந்தார். அறுபது வயது இருக்கும். காலையிலிருந்தே தன் போர் மூடியைத் திறந்து வைத்து, கயிற்றில் கல் கட்டி மட்டம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். “தம்பி, நீங்க இங்க அடிக்க அடிக்க என் போர்ல தண்ணி ஏறுது. ரெண்டு ஆள் மட்டம் ஏறிருச்சு.”

அண்ணன் சிரித்தார். “நல்லதுதானே, சித்தப்பு?”

“இங்க அடிச்சா அங்க ஏறுதுல்ல? அப்ப நீங்க இழுத்தா எனக்கு இறங்குமா இறங்காதா?”

யாரும் சிரிக்கவில்லை. இன்று நான் கேட்டதில் சரியான கேள்வி அதுதான். ஆப்பரேட்டர் மழுப்பாமல் சொன்னார்: “இறங்கலாமுங்க. தண்ணிய நாங்க உண்டாக்கறதில்லீங்க. இருக்கறதுக்கு வழி உடறோம், அவ்ளோதான். அந்த வழி உங்க பக்கமும் போகும்.” கடைசியில் அண்ணன் காலையிலும் அவர் மாலையிலுமாக மோட்டார் போடுவது என்று பேசி முடித்தார்கள். எத்தனை நாள் நிற்கும் என்று தெரியாது, ஆனால் பேசினார்கள்.

கம்ப்ரசர் போட்டு ஃப்ளஷ் செய்தபோது முதலில் சோறு வடித்த கஞ்சி நிறத்தில் பாறைத்தூள் வந்தது, அப்புறம் தெளிந்தது. மாலையில் தற்காலிகமாக மோட்டாரை இறக்கிப் பார்த்ததில் ஒன்றரை இஞ்ச் தண்ணீர் முக்கால் மணி நேரம் விடாமல் வந்தது. அண்ணனுக்குத் திருப்தி. எனக்கு, இது சித்திரையிலும் வருமா என்று பார்க்க வேண்டும். மழை இறங்காத பாறையில் எத்தனை வாய் திறந்தாலும் ஒன்றுதான்.

சனி, பின்னிரவு. காரைக்குடி

தூக்கம் வரவில்லை. மாமாவுக்குச் சொல்ல வேண்டியதை இங்கேயே எழுதிப் பார்க்கிறேன்.

எண்ணெய், எரிவாயுக் கம்பெனிகள் செய்யும் ஃப்ராக்கிங்கைத் தமிழில் நீரியல் விரிசல் என்று எழுதுகிறார்கள். 1947-இல் அமெரிக்காவின் கன்சாஸில் சோதித்துப் பார்த்தார்கள், 1949-இல் ஓக்லஹோமாவிலும் டெக்ஸாஸிலும் தொழிலாகச் செய்தார்கள். ஐம்பது வருஷம் அது பழைய கிணற்றைத் தட்டி எழுப்பும் ஒரு வைத்தியமாகத்தான் இருந்தது, இன்று அண்ணன் செய்ததைப்போல. 1990-களின் கடைசியில் டெக்ஸாஸின் பார்னெட் பகுதியில் ஜார்ஜ் மிட்செலின் கம்பெனி, உரசலைக் குறைக்க மருந்து கலந்த ‘வழுக்கும் தண்ணீரை’க் கொண்டு ‘ஷேல்’ என்ற களிப்பாறையை உடைத்து லாபம் பார்த்தது. அப்புறம்தான் கதை மாறியது.

ஷேல் பாறை முழுக்க எரிவாயு இருக்கும், ஆனால் நகராது. அதனால் கிணற்றை இரண்டு கிலோமீட்டர் போலச் செங்குத்தாக இறக்கி, அங்கிருந்து திருப்பி, ஷேல் படுகைக்குள்ளேயே கிடைமட்டமாக ஒன்று இரண்டு கிலோமீட்டர் கொண்டுபோகிறார்கள். குழாயில் சிறிய வெடிகளால் துளை போட்டு, பகுதி பகுதியாக அடைத்துத் தண்ணீரை அழுத்துகிறார்கள். இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் மேலே இருக்கும் பாறையின் பாரமே ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் சுமார் 480 கிலோ வரும். அதனால் பம்பின் அழுத்தம் 700 கிலோ வரைக்கும் போகிறது. அழுத்தத்தை விட்டால் விரிசல் உடனே மூடிக்கொள்ளும். மூடாமல் இருக்கத்தான் மணல். மணல் பாதியிலேயே படியாமல் விரிசலின் கடைசிவரை போகத் தண்ணீரை வேகமாகத் தள்ள வேண்டும், இல்லாவிட்டால் அது கொழகொழவென்று இருக்க வேண்டும்.

இங்கேதான் கொத்தவரங்காய். கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் பசைதான் பல கிணறுகளில் தண்ணீரைக் கெட்டியாக்கியது. உலகத்திலேயே அதிகமாகக் கொத்தவரை விளைவது இந்தியாவில், அதிலும் ராஜஸ்தானில். அமெரிக்காவில் கிணறு பெருகப் பெருக 2012-இல் ஜோத்பூரில் கொத்தவரை விதையின் விலை தலைகால் புரியாமல் ஏறி, முன்பேர வணிகத்தையே நிறுத்தி வைக்க வேண்டியிருந்தது. நேற்று மண்டியில் கிடந்த வத்தலுக்கு இப்படியும் உறவுக்காரர்கள் இருக்கிறார்கள்.

அண்ணன் சொன்ன ‘கெமிக்கல்’ இதற்கு அப்புறம். உரசலைக் குறைக்கப் பாலியக்ரிலமைடு, கிருமி வளராமலிருக்க குளுட்டரால்டிஹைடு, துளையைச் சுத்தம் செய்ய ஹைட்ரோகுளோரிக் அமிலம், இன்னும் சில. மொத்தத்தில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான் என்று கம்பெனிகள் சொல்வது உண்மை. ஆனால் எதில் நூற்றுக்கு ஒன்று? அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை எடுத்த கணக்கில் ஒரு கிணற்றுக்கான தண்ணீரின் இடைநிலை அளவு 15 லட்சம் கேலன், அதாவது சுமார் 57 லட்சம் லிட்டர். அண்ணன் செலவழித்ததைப்போல 475 மடங்கு. நீளமான கிணறுகளுக்குக் கோடிக் கணக்கில் போகும். 57 லட்சத்தில் நூற்றுக்கு ஒன்று என்றால் 57,000 லிட்டர். ஒரு லாரியில் அடங்காது.

சரி, இந்த விரிசல் மேலே ஏறிக் குடிநீரைத் தொடுமா? மாமாவின் பயம் இதுதான், நெடுவாசலில் பலருடைய பயமும் இதுதான். ஆழமான கிணறுகளில் இது அநேகமாக நடப்பதில்லை. அமெரிக்காவில் அளந்து பார்த்த ஆயிரக்கணக்கான விரிசல்களில் மிக உயரமானதே 600 மீட்டருக்குள்தான், பெரும்பாலானவை அதில் பாதிகூட இல்லை. இரண்டு கிலோமீட்டரிலிருந்து கிளம்பினால் குடிநீருக்கு இன்னும் வெகுதூரம். ஆனால் எல்லாக் கிணறும் ஆழமில்லை. வயோமிங்கின் பவிலியனில் 400 மீட்டருக்கும் குறைவான ஆழத்தில் ஃப்ராக்கிங் செய்தார்கள். அந்த ஊரில் குடிநீர்க் கிணறுகள் 240 மீட்டர் வரை இறங்கியிருந்தன. அங்கே தண்ணீர் கெட்டது பற்றி 2011-இல் முகமையே வரைவு அறிக்கை வெளியிட்டது, அப்புறம் இறுதி செய்யாமல் மாநிலத்திடம் கொடுத்துவிட்டது.

விரிசல் குற்றவாளி இல்லை என்றால் யார்? மணி இரண்டு. நாளை.

ஞாயிறு. ஆத்தங்குடி

பூக்கல், அதாவது தரையில் பதிக்கும் ஆத்தங்குடி ஓடு, செய்யும் பட்டறைக்குப் போனோம். ஒரு கண்ணாடித் தகடு, அதன் மேல் இரும்புச் சட்டம், உள்ளே பித்தளை அச்சு. அச்சின் ஒவ்வொரு கட்டத்திலும் கரண்டியால் வண்ணச் சிமெண்ட் குழம்பை ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கியதும் வண்ணங்கள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன, கலப்பதில்லை. அந்தக் கை என்னைவிட இளைய ஒரு பெண்ணின் கை. நிமிஷத்துக்கு ஒரு பூ. அதன் மேல் ஆத்தங்குடி மணலும் சிமெண்டும் கலந்த உலர்ந்த பொடி, அதன் மேல் ஈரக் கலவை. அப்புறம் நாள்கணக்கில் தண்ணீர்த் தொட்டியில் ஊற வேண்டும். ஊறிக் காய்ந்தால் கண்ணாடி தானாக விட்டுக்கொடுக்கும், முகம் பளபளவென்று வரும்.

பட்டறைக்காரர் ஓரமாகக் கிடந்த ஒதுக்கு ஓடுகளைக் காட்டினார். ஒன்றில் முடி மாதிரி ஒரு கீறல். “தண்ணி கூடிப்போச்சுன்னா காயயில சுருங்கும். குறைஞ்சா ஒட்டாது. அவசரப்பட்டுத் தொட்டியில இருந்து எடுத்தாலும் இப்படித்தான். சிமெண்டு கோவக்காரன்.”

அவருக்குத் தெரியாமலே என் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டார். எரிவாயுக் கிணறு குடிநீர்ப் படுகையைத் துளைத்துக்கொண்டுதான் கீழே போக வேண்டும், வேறு வழி கிடையாது. அந்த இடத்தில் இரும்புக் குழாயை இறக்கி, குழாய்க்கும் பாறைக்கும் நடுவில் இருக்கும் சந்தில் சிமெண்டை அனுப்பி அடைக்கிறார்கள். சில சென்டிமீட்டர் தடிமன்தான். மேலே குடிநீரையும் கீழே உப்புநீர், எரிவாயு எல்லாவற்றையும் பிரித்து வைப்பது அந்தச் சிமெண்ட் வளையம் மட்டுமே. அது யார் கண்ணிலும் படாத ஆழத்தில், சேறு படிந்த துளையில், கீழிருந்து மேலே ஏறி உறைய வேண்டும். சுருங்கினால் குழாய்க்கும் சிமெண்டுக்கும் இடையே முடியளவு சந்து விழும். எரிவாயுவுக்கு அது போதும், ராஜபாட்டை. ஆத்தங்குடியில் கீறல் விழுந்த பூக்கல்லை ஓரமாகப் போடலாம். கிணற்றில் விழுந்த கீறலை யார் பார்ப்பது?

பென்சில்வேனியாவில் டிமோக் என்ற ஊரில் இதுதான் நடந்தது. 2009 புத்தாண்டு அன்று ஒரு வீட்டின் தண்ணீர்க் கிணற்றில் மீத்தேன் சேர்ந்து வெடித்து, கான்கிரீட் மூடி பறந்தது. விசாரணையில் வந்த காரணம் இரண்டு கிலோமீட்டர் கீழே போட்ட விரிசல் இல்லை, கிணறுகளின் குறையுள்ள கேசிங்கும் சிமெண்டும். 2011-இல் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த வட்டாரத்தில் எரிவாயுக் கிணற்றுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் இருந்த குடிநீர்க் கிணறுகளில் மீத்தேன் கூடுதலாக இருப்பதைக் காட்டினார்கள். அழுத்தம் ஏறி இறங்க ஏறி இறங்க, சிமெண்டுக்கு அடி விழுந்துகொண்டே இருக்கும். நேற்று ஆப்பரேட்டர் “மேல இருக்கற தண்ணி உள்ள எறங்கீரும்” என்றாரே, இது அதன் மறுதிசை. கீழே இருப்பது மேலே ஏறும்.

இரண்டாவது ஆள், திரும்பி வரும் தண்ணீர். உள்ளே போனதில் ஒரு பகுதி வாரக்கணக்கில் திரும்பி வரும், அப்புறம் கிணறு ஓடும் காலம் முழுக்கப் பாறையின் சொந்த உப்புநீரும் சேர்ந்து வரும். பென்சில்வேனியாவின் மார்செல்லஸ் பாறையிலிருந்து வருவதில் லிட்டருக்கு 2,00,000 மில்லிகிராம் உப்புக்கு மேல்கூட இருக்கிறது, கடல் நீரில் 35,000தான். கூடவே பேரியம், ரேடியம். நம் ஊர்க் குடிநீரில் வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தரநிலை. நூறு லிட்டர் நல்ல தண்ணீரில் அந்த உப்புநீர் ஒரு லிட்டர் விழுந்தால் அந்த எல்லைக்கு வந்துவிடும். இதை அங்கே முதலில் நகராட்சிச் சுத்திகரிப்பு நிலையங்கள் வழியாக ஆற்றில் விட்டார்கள், உப்பை அந்த நிலையங்கள் எடுக்காது என்று 2011-இல் நிறுத்தச் சொன்னார்கள். ஓக்லஹோமாவில் ஆழ்துளைக்குள் திரும்ப அழுத்தினார்கள். நிலம் அசைந்தது. 2016 செப்டம்பரில் பானி என்ற ஊரில் 5.8 அளவுக்கு நிலநடுக்கம்.

2016 டிசம்பரில் அமெரிக்க முகமை இறுதி அறிக்கை கொடுத்தது. முந்தைய வரைவில் பரவலான பாதிப்புக்கு ஆதாரம் இல்லை என்று ஒரு வரி இருந்தது. இறுதியில் அதை எடுத்துவிட்டு, சில சூழ்நிலைகளில் குடிநீரைப் பாதிக்கிறது என்று எழுதினார்கள். தண்ணீர் தட்டுப்பாடான இடத்தில் உறிஞ்சுவது, மேலே கொட்டிச் சிந்துவது, குழாயும் சிமெண்டும் பலவீனமான கிணறு, குடிநீர்ப் படுகைக்குள்ளேயே அழுத்துவது, அரைகுறையாகச் சுத்திகரித்து விடுவது, தார்ப்பாய்கூட விரிக்காத குழியில் தேக்குவது என்று அந்தச் சூழ்நிலைகளையும் சொன்னார்கள். இவற்றில் நடு இரண்டு மட்டும் தரைக்குக் கீழே நடப்பவை. மிச்சமெல்லாம் நம் கண்முன்னே, நம் கால்மட்டத்தில். இதில் ஒரு வேடிக்கை, 2005-இல் அந்த நாட்டு நாடாளுமன்றம் டீசல் கலக்காத ஃப்ராக்கிங்கைக் குடிநீர்ப் பாதுகாப்புச் சட்டத்திலிருந்தே விலக்கி வைத்திருந்தது.

பூக்கல் ஒன்று வாங்கினேன். கனம். சித்தி, “சென்னை வரைக்கும் இதைத் தூக்கிட்டுப் போகணுமா?” என்றார்.

திங்கள். தேவகோட்டை

மாமா வீட்டில் நாட்டுக்கோழி. அவர் ஓய்வுபெற்ற ஆசிரியர் என்பதால் சாப்பாட்டுக்கு முன்பே கோப்புகள் மேசைக்கு வந்துவிட்டன. 2017 பிப்ரவரிச் செய்தித்தாள்கள் பழுப்பேறிக் கிடந்தன. நாடு முழுக்க 31 ஒப்பந்தப் பகுதிகளில் இருக்கும் சிறு வயல்களுக்கு மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது அந்த மாதம் 15-ஆம் தேதி, அதில் ஒன்று நெடுவாசல். மறுநாளே ஊர் உட்கார்ந்துவிட்டது.

“அங்க ஃப்ராக்கிங் இல்ல, சாதாரணக் கிணறுதான்னு சொன்னாங்களே மாமா?”

“சொன்னாக. ஆனா லைசென்ஸ்ல என்ன இருந்துச்சு? எந்த வகை ஹைட்ரோகார்பனா இருந்தாலும் ஒரே லைசென்ஸ். இன்னிக்கு இது, நாளைக்கு ஷேல். திரும்ப வந்து நம்மள்ட்ட கேப்பாகளா?”

இதில் மாமா பக்கம்தான் நியாயம். காவிரிப் படுகையில் இப்போது ஓடுபவை பெரும்பாலும் வழக்கமான கிணறுகள். ஆனால் ஷேல் வாயு கிடைக்கக்கூடிய இந்தியப் படுகைகள் என்று அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம் 2013-இல் பட்டியல் போட்டபோது காம்பே, கிருஷ்ணா-கோதாவரி, தாமோதர் ஆகியவற்றோடு காவிரியும் இருந்தது. 2020 ஜனவரியில், எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளுக்கு மக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை என்று சுற்றுச்சூழல் விதியை மாற்றினார்கள். அடுத்த மாதமே தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றியது. புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளை அது தடுக்கும் இடங்கள்: தஞ்சை, திருவாரூர், நாகை, கடலூரின் சில ஒன்றியங்கள், புதுக்கோட்டையில் அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி. மாமா வரைபடத்தில் விரலை வைத்துக்கொண்டே வந்து, புதுக்கோட்டை எல்லையில் நிறுத்தினார். “இங்க கோடு. இந்தப் பக்கம் நாம. சிவகங்கையும் இல்ல, ராமநாதபுரமும் இல்ல.” 2025-இல் ராமநாதபுரம் மாவட்டத்தில் 20 சோதனைக் கிணறுகளுக்கு மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் அனுமதி கொடுத்து, எதிர்ப்பு கிளம்பி, அந்த ஆகஸ்டில் அதைத் திரும்பப் பெறச் சொல்லிவிட்டோம் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. பாறைக்கு அந்த எல்லைக்கோடு தெரியாது.

திருமயத்தில் தரைமேல் நிற்கும் கருங்கல், கிழக்கே வர வரக் கீழே இறங்குகிறது. அதன் மேல் மணற்பாறையும் களிமண்ணும் அடுக்கடுக்காகத் தடிக்கின்றன. கடலோரம் போனால் ஒரு அடுக்கு நல்ல தண்ணீர், அடுத்தது உப்பு, அதற்குக் கீழே திரும்ப நல்லது என்று மாறி மாறி வரும். ராமநாதபுரத்துக்காரர்களைக் கேட்டால் எத்தனை அடியில் கேசிங்கை நிறுத்த வேண்டும் என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். இருபது அடி தப்பினால் போர் உப்பு.

“சரி, நீ என்ன சொல்ற? வேணுமா, வேணாமா?” வாத்தியார் கேள்வி.

“வேணாம் மாமா. ஆனா நீங்க சொல்ற காரணத்துக்காக இல்ல.” விரிசல் வந்து குடிநீரைத் தொடும் என்பதற்காக இல்லை. இப்படி அடுக்கடுக்காக உப்பும் நல்லதும் மாறிவரும் நிலத்தில் ஒவ்வொரு கிணறும் எல்லா அடுக்கையும் துளைத்துப் போகும். அத்தனையையும் ஒரு சிமெண்ட் வளையம் பிரித்து வைக்க வேண்டும். கிணறு இருபது முப்பது வருஷம் ஓடும், கம்பெனி போய்விடும், சிமெண்ட் அங்கேயே இருந்தாக வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ள ஆள் யார்? திரும்பி வரும் உப்புநீரை எங்கே கொட்டுவார்கள், கண்மாய் ஓரத்திலா? லட்சக்கணக்கான லிட்டரை முதலில் எங்கிருந்து எடுப்பார்கள்? இந்த மூன்றுக்கும் யாராவது எழுத்தில் பதில் கொடுத்தால் திரும்பப் பேசலாம்.

யாரும் கிணறு போடாத இப்போதே உங்கள் தண்ணீரைச் சோதித்து வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன். டிமோக்கில் வழக்கு இழுத்ததற்கு ஒரு காரணம், முன்னால் தண்ணீர் எப்படி இருந்தது என்ற காகிதம் பலரிடம் இல்லாதது. இங்கே முன்பிருந்தே மீத்தேன் இருந்தது என்று கம்பெனி சொல்லும்போது கையில் நீட்ட ஒன்று வேண்டும். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்திலேயே உப்பு, குளோரைடு, ஃப்ளோரைடு பார்த்துக்கொடுப்பார்கள். பேரியத்துக்கும் மீத்தேனுக்கும் வேறு ஆய்வகம் தேட வேண்டும். மாமா கோப்பின் அட்டையில் எழுதிக்கொண்டார்.

“அப்ப உங்க அண்ணன் செஞ்சது?”

“அது தப்பில்ல. மணல் இல்ல, மருந்து இல்ல, உப்புத் தண்ணி மேல வரல. அங்க இருக்குற ஒரே பிரச்சினை பக்கத்துத் தோட்டத்துக்காரர். அதையும் பேசிட்டாங்க.”

மாமா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. கோழிக்கு அப்புறம் ரசம், ரசத்துக்கு அப்புறம் மோர். கை கழுவப் போகும்போது என்னைப் பின்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

“நம்ம தென்னந்தோப்பு போரும் இப்ப முன்ன மாதிரி இல்லப்பா. அந்தத் திருச்செங்கோட்டு வண்டிக்காரர் நம்பர் இருக்கா?”

“உங்களுக்கு அது ஆகாது மாமா. கெட்டிப் பாறை இருந்தாத்தான் பேக்கர் கவ்வும். இங்க மணற்பாறை, குழாய் முழுக்க இறக்கியிருப்பீங்க. ஃபில்டர் பைப் சந்துல மணல் அடைச்சிருக்கும். கம்ப்ரசர் போட்டுக் கழுவுனாப் போதும், தேவகோட்டையிலேயே ஆள் இருப்பாங்க.”

“எம்புட்டுக் கேப்பான்?”